அக்கறை இல்லாதவர்கள்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்திருந்தார்கள். விழா முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அங்கிருந்த ஆசிரியர்களில் ஒருவர் மனம் விட்டுப் பேசினார்.

"நாங்கள் என்னதான் முட்டிக்கொண்டாலும் பயன் இல்லை, ஸார். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் பையன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். காரணம் பள்ளிக்கூடம் இல்லை, வீடு. பெற்றோர் கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவதில்லை. அந்த ஜனங்களுக்கு அக்கறை கிடையாது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மரியாதைக்காக மட்டும் ஆட்டியதல்ல. அவர் சொன்னதை நான் நம்பவும் செய்தேன். பெற்றவர்களுக்கே அக்கறை இல்லை என்றால் வாத்தியார் என்ன செய்வார் பாவம் என்று எண்ணிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு வேறு ஒரு காரியமாக அமெரிக்கக் கறுப்பு மக்களின் கல்விச் சரித்திரத்தைப் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க, அன்று ஆட்டிய தலை எனக்கே பாரமாகிவிட்டது. அந்த ஆசிரியர் சொன்ன அதே வாக்கியத்தை அந்தத் தேசத்தில் பெரிய மனிதர்கள் பலர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்: அந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது. நான் சரித்திர ஆசிரியன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் உண்மை என்பதைத் தெரிந்துகொள்ளச் சரித்திர ஆசிரியனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நடந்ததை நடந்தபடி வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும்.

ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

1739-ல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. மறு வருஷமே, 1740-ல், ஒரு சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுன் அபராதம். படிக்கக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை, எழுதுவதைத்தான் தடுத்தது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படிக்கத் தெரிந்த அடிமை பைபிளைப் படிப்பான். அதனால் எஜமானுக்குக் குறைவில்லை என்று அக்காலத்தில் பலர் நினைத்தார்கள். எழுதத் தெரிந்தாலோ தனக்குத் தானே அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு ஊரைத் தாண்டிவிடுவான். அடிமை தோட்டத்தை விட்டு வெளியே போவதென்றால் எஜமான் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும்.

பிறகு படிப்பையும் தடுத்துவிட்டார்கள். வட கரோலினாவில் 1830-ல் வந்த சட்டத்தைப் பாருங்கள். அடிமைக்குப் படிக்கவோ எழுதவோ சொல்லிக்கொடுப்பவர் வெள்ளைக்காரரானால் 100 டாலரிலிருந்து 200 டாலர் வரை அபராதம், அல்லது சிறை. ஓர் அடிமையே இன்னோர் அடிமைக்குச் சொல்லிக்கொடுத்தால் வெற்று முதுகில் 39 சவுக்கடி. எண்களைக் கற்றுக்கொடுப்பதற்கு மாத்திரம் விலக்கு அளித்திருந்தார்கள். அது ஏன் என்று சட்டத்தில் சொல்லவில்லை. மூட்டைகளை எண்ண ஆள் வேண்டுமே என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1831-ல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் பெரிய கலகம் மூண்டது. டர்னர் படிக்கத் தெரிந்தவர். அதன் பிறகு தெற்கே பல ராஜ்யங்களில் கெடுபிடி இன்னும் இறுகிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு பொருளில் ஆசையே இல்லாதவனிடமிருந்து அதைக் காப்பாற்றச் சட்டம் எதற்கு? சவுக்கு எதற்கு? பூட்டைப் பார்த்தாலே தெரியும், வெளியே ஒருவன் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று.

அப்படித் தட்டியவர்களில் பிரசித்தி பெற்றவர் பிரெடரிக் டக்ளஸ். மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்தவர். சுமார் எட்டு வயதில் பால்டிமோர் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். அந்த வீட்டு எஜமானி சோபியா ஆல்ட் நல்ல மனசுக்காரி. பையனுக்கு அகர வரிசை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கணவன் கண்டுபிடித்துத் தடுத்தான்: படிப்பு வந்தால் அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவன் வாதம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கு அதுவே முதல் பாடம் ஆயிற்று. எது தன்னை விடுவிக்கும் என்பதை எஜமான் வாயாலேயே கேட்டுவிட்டான் அல்லவா? அதன் பிறகு தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கு ஈடாகப் பாடம் கேட்டான். கப்பல் கட்டும் துறையில் மரத் துண்டுகளின்மேல் தச்சர்கள் போட்டு வைத்த அடையாள எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றான். 1838-ல் தப்பி ஓடினார்; 1845-ல் தம் சரிதத்தைப் புஸ்தகமாக வெளியிட்டார்.

டக்ளஸ் தனி மனிதர், மகா மேதாவி; அவரை வைத்து ஒரு சமூகத்தையே எடை போடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடும்பங்களிடம் போவோம்.

ஜார்ஜியா ராஜ்யத்தில் சவானா நகரத்தில் டாலி என்று ஒரு பாட்டி இருந்தாள். அவளுடைய பேத்தி சூசி 1848-ல் அடிமையாகப் பிறந்தவள். பின்னாளில் சூசி கிங் டெய்லர் என்ற பெயரில் 1902-ல் தன் நினைவுகளை எழுதி வெளியிட்டாள். பாட்டி இந்தப் பெண்ணையும் அவள் தம்பியையும் விதவை ஒருத்தி வீட்டுக்குப் படிக்க அனுப்பினாள். அந்த விதவை அடிமையல்ல. சுதந்திரம் பெற்ற கறுப்புப் பெண்மணி. வீடு அரை மைல் தூரம். இருபத்தைந்து முப்பது குழந்தைகள். போலீஸ்காரனோ வெள்ளைக்காரனோ கண்டுகொள்ளாதபடி புஸ்தகங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு உள்ளே நுழைய வேண்டும். அக்கம் பக்கத்தார் பார்த்தாலும், ஏதோ கைத்தொழில் பழக வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

காலையில் பேத்தியின் புஸ்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்து, தெருவின் இரு பக்கமும் பார்த்து அனுப்பும் ஒரு கிழவியை நினைத்துப் பாருங்கள். அகப்பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கதையில் இன்னொரு சுவையும் உண்டு. அந்த ஊரில் இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கறுப்பர் எவரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நடமாடக் கூடாது. பேத்திக்கு எழுத்து வந்ததும் பாட்டிக்கு அவளே சீட்டு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள்! 1740-ல் சட்டம் செய்தவர்கள் எதற்குப் பயந்தார்களோ அது ஒரு சிறுமியின் கையால் நடந்தது. உள்நாட்டு யுத்தத்தின்போது, 1862-ல், வடக்குப் படைகள் வசம் வந்த தீவு ஒன்றில் அதே சூசி பள்ளிக்கூடம் நடத்தினாள். பகலில் சுமார் நாற்பது குழந்தைகள், இரவில் பெரியவர்கள். வாத்தியாரம்மாவுக்கு வயது பதினான்கு.

யுத்தம் 1865-ல் முடிந்தது, அடிமைத்தனமும் முடிந்தது. விடுதலையானவர்களில் புக்கர் வாஷிங்டன் என்ற ஒன்பது வயதுப் பையனும் ஒருவன். மேற்கு வர்ஜீனியாவில் உப்புக் காய்ச்சும் உலையில் வேலை. மாற்றாந்தந்தையின் பீப்பாய்களில் 18 என்று எண் போடுவார்கள். பையன் முதன்முதலில் அறிந்த எழுத்து அதுதான். தனக்கு ஒரு புஸ்தகம் வேண்டும் என்று தாயிடம் கேட்டான். தாய்க்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. எப்படியோ, எங்கிருந்தோ, நீல அட்டை போட்ட வெப்ஸ்டர் பாடப் புஸ்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். சுற்று வட்டாரத்துக் கறுப்பர்களில் அதைப் படித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பையன் தானாகவே மல்லுக்கட்டினான்.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் மாற்றாந்தந்தை பையனை வேலையிலிருந்து விடவில்லை. அவரைக் கல் நெஞ்சக்காரர் என்று சொல்லிவிடலாம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. விடியற்காலையிலிருந்து ஒன்பது மணி வரையில் உலையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். பள்ளிக்கூடம் தொடங்குவதும் ஒன்பது மணிக்கே. அது இருந்ததோ தூரத்தில். தினம் தினம் பாடம் தவறிப் போயிற்று. பையன் என்ன செய்தான் தெரியுமா? உலை ஆபீஸில் இருந்த கடிகாரத்தின் முள்ளை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளி வைத்தான். நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்கிற இடம் அது. கடைசியில் மேலாளர் கடிகாரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மற்றப் பிள்ளைகள் தொப்பி போட்டு வருகிறார்கள் என்று பையன் சொன்னபோது, கடைத் தொப்பிக்கு வழியில்லாத தாய், வீட்டிலிருந்த முரட்டுத் துணியில் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். அந்தத் தொப்பியைப் பற்றி அவர் பெரிய மனிதரான பின்பும் பெருமையோடு எழுதினார்.

இனி பணக் கணக்குக்கு வருகிறேன். கதையைவிடக் கணக்குக்குச் சில சமயம் வலு அதிகம்.

1896-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி ஏற்பாடுகள் இருக்கலாம், சமமாக இருந்தால் சரி என்று தீர்ப்புச் சொல்லிற்று. தனித்தனி என்பது நிலைத்தது. சமம் என்பது காகிதத்தோடு நின்றது. கறுப்பர்கள் கட்டிய வரியும் சேர்ந்த பொதுப் பணத்தில் வெள்ளையர் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. கறுப்புப் பிள்ளைகள் மாதாகோயிலிலும் கொட்டகையிலும் படித்தார்கள். இந்த நிலையில் புக்கர் வாஷிங்டனின் யோசனையின் பேரில், சியர்ஸ் ரோபக் என்ற பெரிய வியாபாரக் கம்பெனியின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட் கிராமப்புறத்துக் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டப் பணம் கொடுக்க முன்வந்தார். 1932 வரையில் 15 ராஜ்யங்களில் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. மின்சாரம் இல்லாத கிராமங்கள் ஆகையால் கிழக்கிலும் மேற்கிலும் பெரிய பெரிய ஜன்னல்களை வரிசையாக வைத்து, சூரிய வெளிச்சத்திலேயே படிக்கும்படி கட்டினார்கள்.

ரோசன்வால்ட் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஊர் ஜனங்களும் தங்கள் பங்கைக் கொடுக்க வேண்டும். ஏழைக் குடியானவர்கள் கொடுத்தார்கள். பணம் இல்லாதவன் நிலம் கொடுத்தான், மரம் கொடுத்தான், உடல் உழைப்பைக் கொடுத்தான். மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ரோசன்வால்ட் நிதி கொடுத்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பு மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது சுமார் 47 லட்சம் டாலர். கோடீசுவரரைவிடக் கூலிக்காரர்கள் அதிகம் கொடுத்திருக்கிறார்கள்! ஏற்கனவே வரி கட்டியாயிற்று. அந்த வரியால் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வராதபடியால் இரண்டாம் முறையும் கட்டினார்கள்.

அலபாமாவில் போலிஜி என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்காகப் பணம் திரட்டக் கூட்டம் போட்டார்கள். அடிமைக் காலத்தைக் கண்ணால் கண்ட ஒரு கிழவர் எழுந்து வந்தார். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய ஒரு பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். ஆயுள் முழுவதும் சேர்த்தது அவ்வளவும் அதில் இருந்தது. 38 டாலர். பேரக் குழந்தைகளின் பிள்ளைகளாவது முன்னுக்கு வரட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். நான் ஒரு நாவலில் இப்படி ஒரு காட்சி எழுதியிருந்தால், கொஞ்சம் மிகை என்று விமர்சகர்கள் எழுதுவார்கள்.

அடுத்து, பஸ்ஸின் கதை.

தென் கரோலினாவில் கிளாரண்டன் என்று ஒரு ஜில்லா. பருத்தி விளையும் பூமி. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பான்மை கறுப்பர். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிப் போக ஜில்லா சர்க்கார் 30 பஸ்கள் வைத்திருந்தது. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. சில பிள்ளைகள் நாள்தோறும் பல மைல் நடந்தார்கள். பெற்றோர்கள் தங்களுக்குள் காசு பிரித்து ஒரு பழைய பஸ்ஸை வாங்கினார்கள். அது ஓடினதைவிட நின்றதே அதிகம். 1947-ல் அவர்கள் அதிகாரிகளிடம் போனார்கள். கேட்டது ஒரு பஸ். கறுப்பர்கள் கட்டும் வரி கொஞ்சம். அவர்கள் பிள்ளைகளுக்கு பஸ் விடும் சுமையை வெள்ளையர்மேல் ஏற்றுவது நியாயமல்ல என்று பதில் வந்தது.

டிலேன் என்ற பாதிரியார் இதில் முன்னின்றார். லீவை பியர்சன் என்ற குடியானவர் 1948-ல் வழக்குப் போட்டார். அவருடைய நிலத்தின் வரி வேறு வட்டாரத்தில் கட்டப்படுகிறது என்று காரணம் சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அந்த வருஷம் அவருக்கு விதைக்கும் உரத்துக்கும் எவரும் கடன் கொடுக்கவில்லை. அறுவடை யந்திரத்தை வாடகைக்கு விடவும் ஆள் இல்லை. கதிர் வயலிலேயே அழுகியது.

இத்தனையும் பார்த்த பிறகு ஊர் அடங்கிவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 1949 நவம்பரில் பெற்றோரும் பிள்ளைகளுமாக நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். இந்த முறை பஸ் மட்டும் அல்ல. எல்லாவற்றிலும் சமமாக நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வருஷத்தில் ஜில்லாவில் ஒரு வெள்ளைப் பிள்ளைக்குச் செலவான தொகை 179 டாலர். கறுப்புப் பிள்ளைக்கு 43 டாலர்.

வழக்கில் முதல் பெயர் ஹாரி பிரிக்ஸ். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர், வேலை போயிற்று. அவர் மனைவி எலைஸா ஒரு விடுதியில் பணிப்பெண். அவள் வேலையும் போயிற்று. கையெழுத்திட்ட மற்றவர்களில் சிலரைக் குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். சிலருக்குக் கடை வரவு செலவை நிறுத்தினார்கள். டிலேனின் வீடு 1951-ல் எரிந்தது. அவர் மாதாகோயில் 1955-ல் எரிந்தது. அதே வருஷம் வீட்டைச் சுட்டார்கள். அவர் அந்த ராஜ்யத்தை விட்டே போனார். ஆனால் அந்த வழக்கும் வேறு நான்கு வழக்குகளும் சேர்ந்துதான் 1954 மே 17-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டில் சரித்திரப் பிரசித்தமான தீர்ப்பாயிற்று. இன வாரியாகப் பள்ளிக்கூடங்களைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிபதிகள் ஏகமனதாகச் சொன்னார்கள். 2003-ல் அமெரிக்கக் காங்கிரஸ் டிலேனுக்கும் பியர்சனுக்கும் பிரிக்ஸ் தம்பதிக்கும் தங்கப் பதக்கம் அளிக்கச் சட்டம் செய்தது. அப்போது அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

தீர்ப்போடு கதை சுபமாக முடிந்துவிடவில்லை. அந்த ஐந்து வழக்குகளில் ஒன்று வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் ஜில்லாவிலிருந்து வந்தது. 1951-ல் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி, தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் படிக்க மாட்டோம் என்று பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்ததில் பிறந்த வழக்கு அது. சேர்ந்து படிக்க வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்ற மனமில்லாத அந்த ஜில்லா அதிகாரிகள் 1959-ல் எல்லாப் பொதுப் பள்ளிக்கூடங்களையும் மூடிவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக்கூடம் தயாராயிற்று. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி தலையிடும் வரையில், ஐந்து வருஷம்! சில பெற்றோர்கள் பிள்ளைகளை வெளியூரில் உறவினர் வீட்டுக்கும், முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கும் அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அதற்கு வழியில்லாதவர்களின் பிள்ளைகள் வயலுக்குப் போனார்கள். பிறகு இருபது வருஷம் கழித்து ஒரு கணக்கெடுப்பவர் அந்த ஊருக்கு வந்து, எழுத்தறியாத ஒரு தகப்பனைப் பார்த்து என்ன எழுதிக்கொண்டு போவார்? அக்கறை இல்லாதவன் என்றுதான்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தமான மனிதர் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை. 1898-ல் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரத்தில் பிறந்தவர். தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். நகரத்துப் பொதுப் பள்ளிகளில் கறுப்பு ஆசிரியர்களைச் சேர்ப்பதில்லை ஆகையால், 1916-ல் பதினெட்டு வயதில் பக்கத்திலுள்ள ஜான்ஸ் தீவுக்கு வேலைக்குப் போனார். இரண்டே ஆசிரியைகள், நூற்று முப்பதுக்கு மேல் பிள்ளைகள். எதிரே இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்று பிள்ளைகள். அந்த ஆசிரியையின் சம்பளம் 85 டாலர், செப்டிமாவுக்கு 35. புஸ்தகம் கிடையாது. சலவைக் கடைக் காகிதப் பைகளைக் கிழித்து விரித்து, தீவிலுள்ள மரம் செடிகளையும் பிள்ளைகள் சொல்லும் கதைகளையும் அவற்றில் எழுதிப் பாடமாக்கினார்.

நாற்பது வருஷம் ஆசிரியையாக இருந்த பிறகு, 1956-ல், கறுப்பர் உரிமைச் சங்கத்தில் அங்கத்தினராக இருக்கிறார் என்ற காரணத்துக்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பென்ஷனும் போயிற்று. அப்போது அவர் ஆரம்பித்த காரியம்தான் ஜான்ஸ் தீவின் இரவுப் பள்ளிக்கூடம்.

அந்தத் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் கூலியாட்களை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டினார். ஓட்டுரிமை வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த ராஜ்யத்தின் விதி. எழுதப் படிக்கத் தெரியாதபடி முதலில் தடுத்து, பிறகு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஓட்டையும் தடுத்தார்கள். கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்! ஜென்கின்ஸ் பஸ்ஸிலேயே பிரயாணிகளுக்கு அந்தச் சட்டப் பகுதிகளைச் சொல்லிக்கொடுத்து வந்தார். ஆலிஸ் வைன் என்ற பெண்மணி காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் அவளுக்கு அது போதவில்லை; நிஜமாகவே படிக்க வேண்டும் என்றாள்.

1957 ஜனவரியில் வகுப்புத் தொடங்கியது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பு. கடை இருந்தால் வெள்ளையர் சந்தேகப்படமாட்டார்கள் அல்லவா? ஆசிரியையாக வந்தவர் பெர்னிஸ் ராபின்சன். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. கூந்தல் அலங்காரமும் தையலும் அவர் தொழில். அப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்று செப்டிமா பிடிவாதமாகச் சொன்னார். படித்த வாத்தியார் வந்தால், படிக்காத பெரியவர்களைச் சிறுபிள்ளைகளாக நடத்திவிடுவார் என்ற பயம் அவருக்கு. பெர்னிஸ் முதல் நாள் குழந்தைகளுக்கான பாடங்களைக் கொண்டுபோனார். வந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டார். நான் ஆசிரியை அல்ல, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. வந்த பதினான்கு பேரும் பகல் முழுவதும் வயலிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் உழைத்தவர்கள். தங்கள் பெயரை எழுத வேண்டும் என்றார்கள். பைபிள் படிக்க வேண்டும் என்றார்கள். மணியார்டர் பாரம் எழுத வேண்டும், தபாலில் சாமான் வரவழைக்கும் பட்டியலைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்றார்கள். அதையே பெர்னிஸ் பாடமாக்கினார். அட்டையில் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்து, அதன்மேல் பென்சிலை ஓட்டி ஓட்டிக் கை பழகச் செய்தார். கலப்பை பிடித்த கை பென்சிலை முறித்துவிடும். இன்னொரு பென்சில் எடுத்துக் கொடுத்தால் போயிற்று. இப்படிப்பட்ட வகுப்புகள் தெற்கு முழுவதும் பரவின. 1970-க்குள் எண்ணூறுக்கு மேல் நடந்தன. 1965-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டம் அந்தப் பொல்லாத எழுத்தறிவுப் பரீட்சையை நிறுத்தியது. தன்னை வேலையிலிருந்து நீக்கிய அதே ஊரில், 1970-களில், செப்டிமா கிளார்க் பள்ளிக் கல்விக் குழுவுக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கொஞ்ச காலத்துக்குப் பிறகு பண்டிதர்கள் வந்தார்கள். 1966-ல் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞரின் தலைமையில் சர்க்கார் ஓர் அறிக்கை வெளியிட்டது. சுமார் 6 லட்சம் மாணவர்களைச் சோதித்துப் பார்த்ததில், பிள்ளையின் படிப்பில் பள்ளிக்கூடத்துக் கட்டிடம், சாதனம் இவற்றைவிடக் குடும்ப நிலைமைக்கே பங்கு அதிகம் என்று கண்டார்கள். அறிக்கை சொன்னது வேறு, உலகம் அதை எடுத்துக்கொண்டது வேறு. அப்படியானால் குற்றம் குடும்பத்தின்மேல்தான் என்று பலர் சௌகரியமாகக் கையைக் கழுவிக்கொண்டார்கள். அந்தக் குடும்ப நிலைமை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

ஷர்லி பிரைஸ் ஹீத் என்ற அம்மையார் வேறு விதமாக ஆராய்ந்தார். கரோலினாப் பகுதியில் இரண்டு தொழிலாளர் குடியிருப்புகளில், ஒன்று கறுப்பர், ஒன்று வெள்ளையர், பல வருஷங்கள் பழகிப் பார்த்து 1983-ல் புஸ்தகம் வெளியிட்டார். கறுப்பர் குடியிருப்பில் குழந்தைகளிடம் பெரியவர்கள் கேட்கும் கேள்வி, "இது எதைப் போல இருக்கிறது?" என்பது போன்றது. கேட்பவருக்கு நிஜமாகவே பதில் தெரிய வேண்டியிருந்தால்தான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா ஒரு பூவைக் காட்டி, "இது என்ன?" என்கிறாள். அவளுக்கே தெரியுமே, ஏன் கேட்கிறாள் என்று குழந்தை திகைத்து மௌனமாகிவிடுகிறது. பேச வராத பிள்ளை என்று பெயர் வாங்குகிறது. அதே பிள்ளை வீட்டு வாசலில் கதை சொல்ல ஆரம்பித்தால் ஊரே கேட்கும். வெள்ளைத் தொழிலாளர் பிள்ளைகளும் முதல் சில வருஷம் சமாளித்துவிட்டுப் பிறகு பின்தங்கினார்கள் என்பதையும் அம்மையார் எழுதியிருக்கிறார். வீட்டு வழக்கமும் பள்ளி வழக்கமும் சந்திக்காத இடத்தில் நஷ்டப்படுவது குழந்தை. ஹீத்தோடு சேர்ந்து உழைத்த ஆசிரியர்கள் வீட்டுப் பேச்சையும் கதையையும் வகுப்புக்குள் கொண்டுவந்தபோது, அந்தப் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

எல்லாப் பெற்றோரும் போலிஜிக் கிழவரைப் போன்றவர்கள் என்று நான் சாதிக்கவில்லை. எந்த இனத்திலும் அசட்டையானவர்கள் உண்டு. அடித்து வேலைக்கு அனுப்பும் தகப்பன் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தைச் சேர்த்துப் பிடித்து அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லுவதற்கு முன்னால், அவர்களுடைய அக்கறைக்கு இதுவரை என்ன விலை வைத்தோம் என்று பார்க்க வேண்டாமா? ஓர் எழுத்துக்கு 39 சவுக்கடி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரட்டை வரி. ஒரு பஸ்ஸுக்கு வேலையும் வயலும் வீடும். இத்தனை விலை கொடுத்தும் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்.

போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. உபதேசம் செய்யும் யோக்கியதை, அன்று தலையை ஆட்டிய எனக்குக் கிடையாது. பெற்றோர் கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தேன். நேற்றுப் பதில் வந்தது. நல்ல மனிதர்; ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வேலை நாளில், காலை 11 மணிக்கு. அந்தப் பக்கத்தில் அது நாற்று நடுகிற பருவம். ஒரு நாள் கூலி போனால் போனதுதான் என்று அவரே கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அடுத்த கூட்டத்தை இருட்டிய பிறகு வைத்துப் பார்க்கப் போகிறாராம். என்னையும் வரச் சொல்லி எழுதியிருக்கிறார். போகிறதாக இருக்கிறேன்.